பாறையைத் துளைத்த முனை



சிங்கப்பூரின் கிழக்குக் கரையோரத்தில் பிடோக் என்று ஓர் ஊர் உண்டு. நம் தோட்டங்களிலிருந்து வேலை தேடிப் போனவர்களில் பலருக்கு அது பழகிய இடம். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தொழுகை நேரத்தை அறிவிக்கப் பள்ளிவாசலில் ஒரு பெரிய முரசை அடிப்பார்கள். மலாய் மொழியில் அந்த முரசுக்குப் பெயர் பெடோக். அதுவே ஊரின் பெயராயிற்று என்பது பலரும் கூறும் விளக்கம். பிடுக் என்ற சிறு படகின் பெயரே திரிந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் பெயர் பழையது. எரேடியா என்பவர் 1604-ஆம் ஆண்டில் வரைந்த படத்திலேயே பிடோக் ஆறு குறிக்கப்பட்டிருக்கிறது.

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் பிடோக்கில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலையில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே 'தக், தக்' என்று ஓர் ஓசை கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஒரு சிறு யந்திரம் ஓர் இரும்பு எடையை மேலே தூக்கி, ஓர் இரும்புக் குழாயின் தலையில் விழச் செய்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தமிழ் இளைஞர் அடிகளை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி இது?" என்று கேட்டோம். "மண் சோதனைங்க சார். எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கிறோம்" என்றார்.

அந்தச் சோதனை உலகமெங்கும் ஒரே அளவில் நடக்கிறது. 63.5 கிலோ எடை, 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவேண்டும். குழாய் மண்ணுக்குள் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணவேண்டும். ஐந்தாறு அடியில் இறங்கினால் இளகிய மண். ஐம்பது அடித்தும் இறங்காவிட்டால் மிகவும் கெட்டியான மண், அல்லது பாறை. மருத்துவர் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பது போலப் பூமியைத் தட்டிப் பார்க்கும் முறை இது.

முரசின் பெயர் கொண்ட ஊரில் கேட்ட அந்த ஓசை எங்களை வெகுதூரம் சிந்திக்க வைத்தது. பூமியை மனிதன் தட்டித் துளைத்த கதை எத்தனை பெரியது! அதில் நம்மவர் சிந்திய வியர்வை எவ்வளவு! ஆகவே இன்றைய உரையில் நாம் காணப்போவது, பாறையைத் துளைக்கும் இரும்பின் நுனி, அதாவது துளைமுனை, எப்படி எப்படியெல்லாம் வடிவம் மாறி வந்தது என்ற வரலாறு.

முதலில் பிடோக்கின் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மேலாகக் கிடப்பது பாறை அன்று. பழங்காலத்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் இறுகிய பழைய வண்டல் மண் அது. அதனால்தான் 1966-இல் கிழக்குக் கடற்கரையைத் தூர்க்கும் வேலை தொடங்கியபோது, பிடோக், சிக்லாப் வட்டாரக் குன்றுகளுக்கு வெடி தேவைப்படவில்லை. சக்கரத்தில் வாளிகள் பொருத்திய பெரிய யந்திரங்கள் குன்றுகளைச் சுரண்டி எடுத்தன. ஓடும் பட்டைகள் அந்த மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோயின. மணல் தோண்டிய பள்ளம் ஒன்று பின்னாளில் பிடோக் நீர்த்தேக்கம் ஆயிற்று. 2017-இல் திறக்கப்பட்ட பிடோக் நார்த், பிடோக் ரெசர்வோர் நிலையங்களின் சுரங்கப் பாதையையும், சுழலும் பெரிய தலை கொண்ட யந்திரங்களே குடைந்தன.

ஆனால் அதே தீவில் மேற்கே புக்கிட் தீமா சென்றால் கருங்கல். வடகிழக்கே படகேறிப் புலாவ் உபின் சென்றாலும் கருங்கல். அங்கே சுரண்டுதல் செல்லாது. தட்டித்தான் ஆகவேண்டும்.

ஏன் தட்டவேண்டும்? மரத்தைத் துளைப்பது போலத் திருகித் துளைக்கக் கூடாதா என்று மாணவர்கள் கேட்கலாம். கருங்கல்லை அழுத்தினால் தாங்கும். இழுத்தால் அல்லது நெம்பினால் தாங்காது. கூரிய இரும்பை வைத்து ஓங்கி அடித்தால், முனைக்கு நேர் கீழே உள்ள கல் பொடியாகிறது. அந்தப் பொடி பக்கவாட்டில் நெருக்க, இரு பக்கமும் விரிசல் ஓடிச் சில்லுகள் பெயர்கின்றன. மறுபடியும் அதே இடத்தில் அடித்தால் பொடியைத்தான் இடிப்போம். ஆகவே முனையைச் சிறிது திருப்பிப் புதிய இடத்தில் அடிக்கவேண்டும். அடித்தல், திருப்புதல், அழுத்திப் பிடித்தல், பொடியை வெளியே எடுத்தல் ஆகிய நான்கு வேலைகளும் சேர்ந்ததுதான் பாறையைத் துளைத்தல். இந்த நான்கையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் வரலாறு முழுவதும் இந்த நான்கைச் சுற்றியே நடக்கிறது.

ஆதியில் நான்கையும் மனிதர் கைகளே செய்தன. தமிழ்நாட்டில் கிணறு வெட்டுகிறவர்கள் இதைத் 'தமர் அடித்தல்' என்பார்கள். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தமர் உளியை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். மற்றொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் பிறகு பிடிப்பவர் உளியைச் சிறிது திருப்புவார். அவ்வப்போது குழியில் தண்ணீர் விட்டு, நீண்ட கரண்டியால் சேற்றை வழித்தெடுப்பார். ஆழம் சேர்ந்ததும் மருந்து கெட்டித்துத் திரி வைப்பார்கள். சம்மட்டி ஒரு விரற்கடை தவறினால் பிடிப்பவரின் கை போய்விடும். பார்க்காமல் அடிக்கும் கையும், நடுங்காமல் பிடிக்கும் கையும் ஒன்றையொன்று நம்பி நடந்த தொழில் அது.

அந்த உளியின் நுனியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பால் வெட்டும் உளியை நாள்தோறும் தீட்டும் நம் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். விளிம்பு மிகவும் மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் முறியும், தடித்துவிட்டால் இறங்காது. பாறை உளிக்கும் அதே விதிதான். அதோடு இன்னொரு நுட்பமும் உண்டு. முனை, தண்டைவிடச் சற்று அகலமாக விரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்டு குழியில் சிக்கிக்கொள்ளும். ஆனால் அடிக்க அடிக்க அந்த அகலமான விளிம்பின் இரு மூலைகளும் தேய்கின்றன. தேயத் தேயக் குழியும் கீழே போகப் போகக் குறுகுகிறது. எனவே அடுத்த உளி முந்தியதைவிட நீளமாகவும் சற்றுக் குறுகலாகவும் இருக்கவேண்டும். ஒரே குழிக்குப் பல உளிகள் கொண்ட ஒரு வரிசையே தேவைப்பட்டது. அவற்றைச் சூடேற்றித் தட்டித் தீட்டிக்கொடுக்கும் கொல்லர் இல்லாமல் கல்லுடைப்பு இல்லை, சுரங்கமும் இல்லை.

சீன நாட்டின் சிச்சுவான் பகுதியில் இதே தட்டும் முறையால் உப்புநீர்க் கிணறுகளைத் தோண்டினார்கள். மூங்கில் பட்டையில் திரித்த கயிற்றில் கனத்த இரும்பு முனையைத் தொங்கவிட்டு, நெம்புபலகையின் மேல் ஆட்கள் ஏறி இறங்கி அதைத் தூக்கித் தூக்கி விழச் செய்தார்கள். 1835-இல் சிகோங் நகரத்துக் கிணறு ஒன்று ஆயிரம் மீட்டர் ஆழத்தைக் கடந்தது.

சிங்கப்பூரிலும் கையுளியின் காலம் நீண்டது. 1825 முதல் இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்து சாலை, பாலம், கட்டடம் முதலிய வேலைகளில் ஈடுபடுத்தினார்கள். கல் உடைப்பதும் அவற்றில் ஒன்று. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் பழைய எழுத்துகள் பொறித்த ஒரு பெரும்பாறை இருந்தது. 1843-இல் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய ஒரு துண்டு இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இன்றுவரை எவராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. 1850-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1851-இல் ஒளி ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் புலாவ் உபின் கருங்கல்தான் கொண்டுசெல்லப்பட்டது. கல்லை வெட்டியவர்களின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை.

யந்திரம் எப்போது வந்தது? ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்கு அடியில், இத்தாலிக்கும் பிரான்சுக்கும் இடையே ரயில் சுரங்கம் குடைய 1857-இல் தொடங்கினார்கள். கையுளியால் குடைந்தால் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்று தெரிந்தது. சொமெய்யே என்ற பொறியாளர், அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் துளையிடும் யந்திரத்தை 1861-இல் அங்கே வேலைக்கு விட்டார். சம்மட்டி அடிக்கும் கையின் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தச் சுரங்கத்தின் இரு முனைகளும் 1870 டிசம்பரில் மலைக்குள் சந்தித்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திறப்பு விழா. சொமெய்யே அதைப் பார்க்கவில்லை, ஜூலையிலேயே காலமாகிவிட்டார்.

யந்திரத்தின் அடி வேகமானது, பலமானது. ஒரே விளிம்புள்ள உளி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கல்லில் உள்ள வெடிப்புகளில் சிக்கிக்கொண்டது. ஆகவே கூட்டல் குறியைப் போல இரண்டு விளிம்புகள் குறுக்கிட்ட முனையை உபயோகித்தார்கள். நான்கு மூலைகள் தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொண்டன. குழியும் வட்டமாக வந்தது. அடியும் திருப்பலும் யந்திரத்தின் வசமாயின. மிஞ்சி நின்றது நான்காவது வேலை, பொடியை வெளியே எடுப்பது. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருந்தது.

அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள நாம் கோலார் தங்கவயலுக்குப் போகவேண்டும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி மைசூர் சமஸ்தானத்தில் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழரும் தெலுங்கரும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கும் இலங்கைக்கும் வந்த அதே காலம் அது. நிலமில்லாத அதே ஏழை மக்கள், அதே பஞ்சம். சிலர் கடலைக் கடந்தார்கள், சிலர் பூமிக்குள் இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. அங்கே பாறையைத் தொட்டால் சுடும். சில சமயம் பாறையே அழுத்தம் தாங்காமல் வெடித்து ஆட்களைப் புதைக்கும்.

அந்தத் தங்கம் வெண்கல் பாறையில் கலந்திருந்தது. வெண்கல் என்பது சிலிக்கா. கையுளிக்காரர் கீழ்நோக்கிய குழியில் தண்ணீர் விட்டார், பொடி சேறாயிற்று. யந்திரமோ பக்கவாட்டிலும் தலைக்கு மேலேயும் துளைத்தது. அங்கே தண்ணீர் நிற்குமா? பொடி முழுவதும் தூசியாகத் துளைப்பவரின் முகத்தில் கொட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. மூச்சு சுருங்குகிறது, பல ஆண்டு கழித்து இருமல், இளைப்பு, பிறகு மரணம். சிலிக்கோசிஸ் என்பது இந்நோயின் பெயர். படிந்த தழும்பை நீக்க மருந்து இல்லை.

இதற்கு மாற்று முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. அமெரிக்காவில் லெய்னர் என்பவர் 1897-இல் உளித்தண்டின் நடுவே துளை வைத்து, முதலில் அதன் வழியே காற்றைச் செலுத்தினார். தூசி இன்னும் அதிகமாகப் பறந்தது. தொழிலாளர்கள் அந்த யந்திரத்தைத் தொட மறுத்தார்கள். பிறகு அதே துளை வழியாகத் தண்ணீரைச் செலுத்தினார். தண்ணீர் முனையின் வாயில் வெளிப்பட்டு, பொடி பிறக்கும் இடத்திலேயே அதைச் சேறாக்கியது. எவ்வளவு எளிய யோசனை! ஆயினும் வேலை வேகமாக நடக்கவேண்டும் என்ற எண்ணத்தில், உலகின் பல இடங்களில் தண்ணீர் இல்லாமலே துளைத்தார்கள். அமெரிக்காவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில் 1930, 1931 ஆண்டுகளில் அப்படித் துளைத்ததால் பல நூறு தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கோலாரில் 1940களில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. 1952-இல் வந்த இந்தியச் சுரங்கச் சட்டத்தின்கீழ் இது அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாயிற்று. சிங்கப்பூரின் கருங்கல் உடைப்புகளிலும் இந்நோய் கண்டு பதிவு செய்யப்பட்டது.

எங்கள் குடும்பத்திலும் ஒரு பெரியவர் இருந்தார். இளவயதில் ஒரு கல்லுடைப்பில் துளை போடும் வேலை பார்த்தவர். தோட்டத்துக்கு வந்த பிறகு பத்து மரம் நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி அவருக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அவர் போனபின் வெகுகாலம் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சுகாதாரப் பாடம் படித்தபோதுதான் அது பனி அன்று, கல்தூசி என்று எங்களுக்கு விளங்கியது.

முனையின் கதைக்குத் திரும்புவோம். அடுத்த பெரிய மாறுதல் ஒரு மின்விளக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. விளக்குக்குள் எரியும் டங்ஸ்டன் இழையை மெல்லிய கம்பியாக இழுக்க மிகவும் கடினமான அச்சு தேவைப்பட்டது. 1923-இல் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட் உலோகத்தோடு சேர்த்துச் சூட்டில் இறுக்கி, வைரத்துக்கு அடுத்தபடி எனத்தக்க ஒரு பொருளைச் செய்தார்கள். 1940களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டார் அதைப் பாறை உளியின் நுனியில் பதித்தார்கள். ஒரே ஆள் கையாளும் இலேசான யந்திரம், அதைத் தாங்கி முன்னே தள்ளும் காற்றுக்கால், நுனியில் கார்பைடு, நடுவே தண்ணீர் என்று நான்கு வேலைகளும் ஒன்று சேர்ந்தன. முன்பு ஒரே குழிக்குப் பல உளிகள் மாற்றிய இடத்தில், ஒரே முனை பல குழிகளுக்குப் போதுமானதாயிற்று. கொல்லுப்பட்டறைகளின் நெருப்பு மெல்ல அணைந்தது.

பின்னர் வந்தது குமிழ்முனை. கூரிய விளிம்பையே கைவிட்டு, முனையின் முகத்தில் கார்பைடுக் குமிழ்களைப் பதித்தார்கள். மழுங்கிய குமிழ் எப்படிக் கல்லைத் துளைக்கும் என்று தோன்றும். முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். பாறை அறுபடுவதில்லை, நொறுங்கிச் சில்லாகப் பெயர்கிறது. ஒவ்வொரு குமிழும் ஒரு சிறு சம்மட்டியாகி, அதன் கீழே கல் பொடிந்து, பக்கத்துக் குமிழின் விரிசலோடு சேர்ந்து சில்லாகிறது. அதிகம் தேய்வது வெளிவட்டம் அல்லவா? ஆகவே அங்கே குமிழ்களை நெருக்கமாகவும், வெளிப்பக்கம் சாய்வாகவும் வைத்தார்கள். தேய்மானம் குறைந்தது; தீட்டும் வேலையும் குறைந்தது.

ஆழமான குழியில் வேறொரு சிக்கல். மேலே அடிக்கும் அடியின் வலிமை, நீண்ட தண்டின் இணைப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகிவிடும். 1950களில் அதற்கும் வழி கண்டார்கள். சம்மட்டியையே குழிக்குள் இறக்கி, முனைக்கு நேர் பின்னால் வைத்தார்கள். எத்தனை ஆழமானாலும் அடி முனையிலேயே விழுகிறது. இன்று ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் பலவற்றில் இருப்பது இதுதான்.

கெட்டிப் பாறைக்கு மட்டுமல்ல, பிடோக் போன்ற மண்பூமிக்கும் தட்டும் யந்திரம் உண்டு. சாலையைத் தோண்டாமல் அதன் அடியில் குழாய் கொண்டுபோக, வெடிகுண்டு போன்ற உருவமுள்ள ஒரு கருவியை மண்ணுக்குள் விடுகிறார்கள். உள்ளே காற்றால் ஓடும் ஒரு சம்மட்டி அதன் மூக்கைப் பின்னாலிருந்து அடித்து அடித்து முன்னேற்றுகிறது. இதில் மண் வெளியே வருவதில்லை. பக்கங்களில் நெருக்கி ஒதுக்கப்படுகிறது. ஆகவே மூக்கின் வடிவமே எல்லாம். வழவழப்பான கூம்பு, இளகிய மண்ணில் நன்றாக ஓடும். கல் தட்டினால் விலகி வேறு திசையில் போய்விடும். படிப்படியாக வெட்டிய மூக்கு, கல்லை உடைத்து நேராகப் போகும். சிலவற்றில் மூக்கு முதலில் தனியே பாய்ந்து வழி செய்ய, உடல் பின்தொடர்கிறது. மேலே சாலை புடைக்காமல் இருக்க, கருவியின் குறுக்களவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆழத்திலாவது இதை ஓட்டவேண்டும் என்பது வேலைக்காரர் கணக்கு.

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. புலாவ் உபினின் கடைசிக் கல்லுடைப்பு 1999-இல் நின்றது. ஆனால் துளைமுனையின் ஓசை நிற்கவில்லை. சிங்கப்பூரின் ஜூரோங்கில், கடலுக்கு அடியில் 130 மீட்டர் ஆழத்தில், துளையிட்டு வெடிவைத்துக் குடைந்த எண்ணெய்க் கிடங்குகள் 2014-இல் திறக்கப்பட்டன. சம்மட்டியும் கையும் இருந்த இடத்தில், பல கைகள் கொண்ட பெரிய துளை யந்திரங்கள் நின்றன.

நேயர்களே, இந்த வரலாற்றைச் சொல்வதில் எங்களுக்கு ஒரு நோக்கம் உண்டு. நம் பிள்ளைகள் இன்றும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கட்டுமான வேலைக்குப் போகிறார்கள். சுவரைத் துளைக்கிறார்கள், கான்கிரீட்டை அறுக்கிறார்கள், கல்லை உடைக்கிறார்கள். கான்கிரீட்டிலும் மணல் உண்டு. மணலில் சிலிக்கா உண்டு. முனை எவ்வளவு முன்னேறினாலும் தூசி அதே தூசிதான். வேலைக்குப் புறப்படும் மகனிடம், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கும்போது, "தண்ணீர் விட்டுத் துளைக்கிறீர்களா? மூக்குக்கு உரிய கவசம் தருகிறார்களா?" என்றும் கேளுங்கள். சாதாரணத் துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. துளைக்கும் வேலையில் பல ஆண்டு இருந்தவருக்கு இருமலும் இளைப்பும் கண்டால், என்ன வேலை பார்த்தவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எங்கள் பெரியவரைப் பற்றி அன்று எவரும் அதைச் சொல்லவில்லை.

பிடோக்கில் அடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பியின் ஊரைக் கேட்டோம். அவர் பாட்டனார் கோலாரில் பூமிக்கடியில் வேலை பார்த்தவராம். "தாத்தாவை நான் பார்த்ததில்லைங்க; அப்பா சின்னப் பையனா இருந்தப்பவே போயிட்டார்" என்றார். அவர் மூக்கில் கவசம் இருந்தது. குழாயின் வாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபின்தான் நாங்கள் மன நிறைவோடு மாடியேறினோம்.